யானையைக் கட்டித் தீனி போட முடியுமா?

வீட்டுக் கணக்கு



பேராக் மாநிலத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் பட்டணத்தில் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். பதினைந்து ஆண்டுக்கு மேலான பென்ஸ் கார் ஒன்று முப்பதாயிரம் வெள்ளிக்கு வருகிறதாம். புதிதாக இருந்தபோது மூன்று லட்சம் வெள்ளிக்கு விற்ற கார் என்று வியாபாரி சொன்னானாம். “வாத்தியாரையா, வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. சரி என்று சொல்லவும் பயமாக இருக்கிறது” என்று அந்தத் தாயார் கேட்கிறார்.

இந்தக் கேள்வி அவர் ஒருவருடையது அல்ல. தோட்டத்திலும் பட்டணத்திலும் பல வீடுகளில் கேட்கப்படும் கேள்வி. எனவே இந்த மாதம் இதையே கணக்காகப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பெரிய காருக்கு ஆசைப்படுவது குற்றமல்ல. லாரியில் நின்றுகொண்டே வேலைக்காட்டுக்குப் போன தலைமுறையின் பிள்ளைகள் நாம். தாயையும் தகப்பனையும் நல்ல காரில் உட்காரவைத்துக் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் கூட்டிப் போக வேண்டும் என்று ஒரு பிள்ளை நினைத்தால், அது நல்ல மனசுதான். ஆனால் யானையை வாங்குவது ஒரு செலவு. கட்டித் தீனி போடுவது வேறு செலவு. இரண்டாவதைக் கணக்குப் பார்க்காமல் முதலாவதில் இறங்கக்கூடாது.

விலை குறையும், சாமான் விலை குறையாது

மூன்று லட்சம் வெள்ளிக் கார் பதினைந்து ஆண்டில் முப்பதாயிரத்துக்கு இறங்கிவிடும். ஆனால் அதற்குப் போடும் பிரேக்கும், கியர்பெட்டியும், விளக்கும் இன்னமும் மூன்று லட்சம் வெள்ளிக் காரின் சாமான்கள்தாம். காரின் வயதைப் பார்த்து உதிரிச் சாமான் கடைக்காரர் விலையைக் குறைக்கமாட்டார். இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கணக்கு முடிந்தது.

பெரிய இடத்திலேயே இந்தக் கணக்கு பேசப்பட்டதுண்டு. 2008-இல் திரெங்கானு மாநில அரசாங்கம், தன்னிடமிருந்த புரோட்டோன் பெர்டானா வி6 கார்களின் பராமரிப்புச் செலவு அதிகம் என்று சொல்லி, 14 பென்ஸ் கார்களை வாங்கியது நாடு முழுவதும் பேச்சானது. அவர்கள் செய்தது சரியா தவறா என்பது நமக்கு வேண்டாம். ஒரு மாநிலத்தின் கஜானாவே வாங்கிய விலையை விட்டுப் பராமரிப்புச் செலவைப் பற்றிப் பேசுகிறது என்றால், நம் வீட்டுக் கஜானா எவ்வளவு யோசிக்க வேண்டும்?

என் யோசனை இது. கையில் முப்பதாயிரம் இருந்தால் இருபதாயிரத்துக்கு மேல் காருக்குக் கொடுக்காதீர்கள். மீதிப் பத்தாயிரத்தைத் தனியாக வையுங்கள். டயர், பேட்டரி, ஆயில், பிரேக், காப்புறுதி என்று முதல் வருஷத்திலேயே அது வேலை செய்யும். முழுப் பணத்தையும் காருக்கே கொடுத்துவிட்டவன், முதல் பழுது வந்ததும் காரைத் துணி போட்டு மூடி மரத்தடியில் நிறுத்திவிடுகிறான்.

சாலை வரிக் கணக்கு

சாலை வரி காரின் பெயருக்குப் போடுவதல்ல, எஞ்சினின் அளவுக்குப் போடுவது. தீபகற்ப மலேசியாவில் தனியார் சலூன் கார்களுக்கு வருஷ வரி இப்படி வரும்.

1,300 சிசி சாகா காருக்கு 70 வெள்ளி. 1,998 சிசி காருக்கு 379 வெள்ளி. 2,362 சிசி காருக்கு 742 வெள்ளி. 2,996 சிசி காருக்கு 2,120 வெள்ளி. 3,498 சிசி காருக்கு 4,371 வெள்ளி.

2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி ஆக்கப்பட்டது. அந்தச் சம்பளக்காரருக்குக் கடைசியில் சொன்ன காரின் சாலை வரி மட்டும் இரண்டரை மாதச் சம்பளத்துக்கு மேல். இரண்டு லிட்டரைத் தாண்டினால் வரி ஏறுகிறது. இரண்டரை லிட்டரைத் தாண்டினால் பாய்கிறது. ஆகவே இரண்டு லிட்டரோடு நிற்பதே நமக்கு நல்லது.

ஆனால் இதிலும் ஓர் ஏமாற்றம் உண்டு. பென்ஸ் இ200 கொம்ப்ரசர் என்னும் காரின் எஞ்சின் 1,796 சிசிதான். வரி 278 வெள்ளி 40 காசு. “பார்த்தீர்களா, கேம்ரியைவிட வரி குறைவு” என்று வியாபாரி சொல்வார். அது உண்மையும்கூட. வரி குறைவு என்பதால் பழுதும் குறைவு என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

எந்தக் கார்?

பெரிய கார் வேண்டும், ஆனால் ஃபோர்மன் வீட்டுக்கு நடையாய் நடக்கக்கூடாது என்பவர்களுக்கு, டொயோட்டா கேம்ரி, ஹோண்டா அக்கார்ட் இரண்டும் முதலில் பார்க்க வேண்டியவை. சிறு பட்டணத்துப் பட்டறையிலும் இவற்றைத் தொடத் தெரிந்த ஆள் இருப்பார், சாமானும் கிடைக்கும். குறை இல்லாதவை அல்ல. 2006-க்குப் பிறகு வந்த தலைமுறையின் 2.4 லிட்டர் கேம்ரிகளில் சில எஞ்சின் ஆயிலைக் குடிக்கும். ஆயில் கம்பியை இழுத்து அளவு பார்க்காமல் வாங்காதீர்கள். இரண்டு லிட்டர் கேம்ரி கிடைத்தால் நமக்கு அதுவே போதும்.

2016-இல் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்த புதிய புரோட்டோன் பெர்டானாவையும் மறக்க வேண்டாம். அது பழைய வி6 அல்ல. எட்டாம் தலைமுறை ஹோண்டா அக்கார்ட்டை அடிப்படையாகக் கொண்டு, ஹோண்டா எஞ்சினோடு வந்தது. பெயரில் பெருமை குறைவு என்று சிலர் ஒதுக்குவார்கள். அந்த ஒதுக்கல் நமக்கு லாபம்.

பென்ஸ்தான் வேண்டும் என்றால் இவற்றைத் தெரிந்துகொண்டு போங்கள். 2002-இல் வந்த இ-கிளாஸ் வகையில் தொடக்க ஆண்டுக் கார்களுக்கு மின்சாரத்தால் இயங்கும் ஒருவகை பிரேக் இருந்தது. 2004-லும் 2005-லும் நிறுவனமே கார்களைத் திரும்ப அழைத்துச் சரிபார்த்தது. 2006-இல் செய்த மாற்றத்தோடு அந்த பிரேக்கைக் கைவிட்டுச் சாதாரண முறைக்கு வந்தது. எனவே அந்த மாற்றத்துக்குப் பின் வந்த காரைப் பாருங்கள். சில பென்ஸ் கார்கள் காற்றுப் பைகளின் மீது நிற்பவை. இரவு நிறுத்திய கார் காலையில் ஒரு பக்கம் சாய்ந்து நின்றால், நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வீடு திரும்புங்கள்.

அந்தக் காலத்து பிஎம்டபிள்யூ கார்களில் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பாதையில் பிளாஸ்டிக் பாகங்கள் உண்டு. சூட்டில் நாள்பட்டு அவை விரிசல் விடும்; எஞ்சின் கொதித்துவிடும். பலவற்றில் ‘ஸ்பேர்’ டயர் கிடையாது. காற்றுப் போனாலும் சிறிது தூரம் ஓடும் தனி டயர், விலை அதிகம். பேட்டரி மாற்றினால்கூடக் காரின் கணினியில் பதிய வேண்டும். இதைச் செய்யத் தெரிந்த பட்டறை உங்கள் ஊருக்கு எத்தனை மைல் என்று முதலில் கேளுங்கள். தோட்டத்து மண் சாலையில் நின்றுவிட்ட காரைப் பட்டணம்வரை இழுத்துப் போவதும் செலவுதான்.

எப்படிப் பார்ப்பது?

காலையில் போங்கள். “எஞ்சினைச் சூடாக்காமல் வையுங்கள்” என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் மூடியின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள்.

சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். ஒரு விளக்கு எரியவே இல்லை என்றால் அதைக் கழற்றியிருக்கலாம். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயிலை எரிக்கிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே பாலாடைபோல் இருந்தாலும் எச்சரிக்கை. கியரை முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றும்போது கார் தாமதித்து, பிறகு உதைத்தால், கியர்பெட்டிக்கு வயதாகிவிட்டது.

மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். அதைத் திருப்பி வைக்க முடியும். பிரேக் மிதியின் ரப்பரும், ஸ்டீரிங்கின் தோலும், ஓட்டுநர் இருக்கையின் ஓரமும் பொய் சொல்லா. எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய காரில் மிதி ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருக்காது. டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர் என்று பொருள். இதைப் பிள்ளைகளுக்கும் காட்டிக் கொடுங்கள்.

2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா போன்ற இடங்களில் கார்கள் நீரில் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. வெள்ளத்தில் மூழ்கிய கார் கழுவித் துடைத்து விற்பனைக்கு வரும். இருக்கைப் பட்டையைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும். இருக்கையின் அடியிலுள்ள ஆணிகளில் துரு, ஸ்பேர் டயர் குழியில் மண், விரிப்பின் அடியில் ஈர வாடை ஆகியவையும் சாட்சிகள்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. தகாத்தா என்னும் நிறுவனம் செய்த காற்றுப்பைகள் விபத்தின்போது வெடித்து உலோகத் துண்டுகளைச் சிதறடித்தன. 2014-இல் சரவாக்கில் ஒரு கர்ப்பிணிப் பெண் இப்படி உயிரிழந்தார். ஹோண்டா, டொயோட்டா, பிஎம்டபிள்யூ, பென்ஸ் எனப் பல நிறுவனங்களின் கார்களில் இவை இருந்தன. நம் நாட்டைப் போன்ற வெப்பமும் ஈரமும் உள்ள இடங்களில் இவை விரைவில் கெடுகின்றன. காரின் சேசிஸ் எண்ணைக் கொடுத்து அந்த நிறுவனத்தின் விற்பனை நிலையத்தில் கேளுங்கள். மாற்ற வேண்டியதாக இருந்தால் இலவசமாக மாற்றித் தருவார்கள். இதைக் கேட்காமல் பிள்ளைகளை முன் இருக்கையில் உட்காரவைக்காதீர்கள்.

உரிமை மாற்றத்துக்குச் செய்யும் புஸ்பகோம் பரிசோதனை மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். கார் சாலையில் ஓடத் தகுதியானதா, எண்கள் சரியா என்று அங்கே பார்ப்பார்கள். கியர்பெட்டி இன்னும் எத்தனை வருஷம் உழைக்கும் என்று சொல்வது அவர்கள் வேலையல்ல. அதற்கு உங்களுக்குத் தெரிந்த ஃபோர்மனுக்குக் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். வியாபாரி காட்டும் ஃபோர்மன் வேண்டாம்.

‘சம்போங் பாயார்’ வேண்டவே வேண்டாம்

“முன்பணம் கொஞ்சம் கொடு, மாதாமாதம் நீ கட்டிக்கொள், பெயர் மாற்ற வேண்டாம்” என்று சிலர் பெரிய கார்களைத் தருகிறார்கள். இது சட்டத்துக்குப் புறம்பானது. வாடகைக் கொள்முதலில் கடைசித் தவணை கட்டும்வரை கார் வங்கியுடையது. நீங்கள் கொடுக்கும் பணத்தை அந்த ஆள் வங்கியில் கட்டாவிட்டால், ஒருநாள் காலையில் கார் இருந்த இடம் வெறுமையாக இருக்கும். காப்புறுதியும் அவன் பெயரில். விபத்து நடந்தால் யாரிடம் போய் நிற்பது?

என் பழைய மாணவன் ஒருவன் இப்படி ஒரு காரை எடுத்து, பதினொரு மாதம் ஒழுங்காகப் பணம் கொடுத்தான். பன்னிரண்டாம் மாதம் கார் போய்விட்டது. கொடுத்ததற்கு ஒரு ரசீதுகூட அவனிடம் இல்லை. நல்ல பிள்ளை, உழைப்பாளி. கையெழுத்துப் போட்ட காகிதம் இல்லாத உழைப்பு காற்றோடு போயிற்று.

யாருடைய பணம்?

கடைசியாக, எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. காருக்கான பணம் எங்கிருந்து வருகிறது?

பிள்ளை தன் சம்பளத்தில் சேமித்த பணம் என்றால், மேலே சொன்னவற்றைப் பார்த்து வாங்கட்டும், நாம் ஆசீர்வதிப்போம். ஆனால் 55 வயதில் தகப்பனார் எடுக்கும் ஊழியர் சேமநிதிப் பணம் என்றால், என் பதில் வேண்டாம் என்பதே. 2024 மே மாதம் முதல் சேமநிதியில் நினைத்தபோது எடுக்கக்கூடிய நெகிழ்வுக் கணக்கு வந்திருக்கிறது. அது ஆபத்துக்கு உதவ வந்த கதவு. கார் கடைக்குப் போகும் குறுக்கு வழியல்ல.

தோட்டத்து வீடு நம் வீடல்ல என்பதை நாம் எல்லாரும் அறிவோம். வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அன்று கையில் இருக்க வேண்டியது ஒரு சிறு வீட்டுக்கான முன்பணம். கார் ஆண்டுக்கு ஆண்டு விலை இறங்கும். வீட்டு வாடகையோ ஏறும். அப்பாவின் முப்பது வருஷப் பால்வெட்டு, மரத்தடியில் துணி போர்த்திய பென்ஸாக நிற்கக்கூடாது.

எனவே, கடிதம் எழுதிய அம்மா, மகனிடம் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பென்சிலும் காகிதமும் கொடுத்துப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். காரின் விலை, முதல் வருஷச் செலவு, சாலை வரி, காப்புறுதி, மாதப் பெட்ரோல் எல்லாவற்றையும் அவன் கையாலேயே எழுதிக் கூட்டட்டும். கூட்டுத்தொகை அவன் சம்பளத்துக்குள் அடங்கினால் வாங்கட்டும். அடங்காவிட்டால் நீங்கள் சொல்லத் தேவையில்லை, கணக்கே சொல்லிவிடும்.