பழசுதானே, அதுக்கு ஏன் 120 ரூபாய்?

போன மாதம் எங்கள் கல்லூரி விழாவில் என் தோழி ஒரு சின்ன மேஜை போட்டிருந்தாள். அறுந்த சங்கிலி, ஜோடி தொலைந்த ஜிமிக்கி, கல் உதிர்ந்த கவரிங் அட்டிகை... இப்படி சொந்தக்காரர் வீடுகளிலும் பழைய சாமான் கடையிலும் தேடி வாங்கியதை வைத்து அவளே செய்த தோடுகள், தலை கிளிப்புகள். கல்லாவில் நான். (பி.காம். படித்தால் இதுதான் கதி!)

அன்று முழுக்கக் காதில் விழுந்த ஒரே வசனம்: "பழசுதானே, அதுக்கு ஏன் 120 ரூபாய்?" ஒரு அக்கா ஒரு தோட்டைக் கையில் எடுத்து, "எவ்வளவு அழகா இருக்கு!" என்று பாராட்டிவிட்டு 40 ரூபாய்க்குக் கேட்டார்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒற்றை ஜிமிக்கிகள் இரண்டு, 15 ரூபாய். காதில் மாட்டப் புதுக் கொக்கி, 10 ரூபாய். பசை, வளையம், அட்டை எல்லாம் சேர்த்து 10 ரூபாய். ஆக 35. பழைய கொக்கியையே போடலாமே என்பீர்கள். மலிவான நகைகளில் பல நேரம் நிக்கல் கலந்திருக்கும். அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் காது அரித்துப் புண்ணாகிவிடும். அதனால் அந்தச் செலவில் கைவைக்க முடியாது.

அப்புறம் ஒன்றரை மணி நேர வேலை. பழைய பிரஷ்ஷால் அழுக்கெடுக்கணும். களிம்பு போகட்டும் என்று புளி போட்டு அழுத்தித் தேய்த்தால் மிச்சமிருக்கிற முலாமும் கூடவே போய்விடும். அடுத்தது ஜோடி சேர்ப்பது. இரண்டும் வேறு வேறு வீட்டு ஜிமிக்கி. அளவு வேறு, நிறம் வேறு. அவற்றை ஒரு ஜோடியாகத் தெரியவைக்க அவள் மூன்று முறை பிரித்து மாட்டியதை நான் பார்த்தேன். தொழிற்சாலையில் ஒரே அச்சில் ஆயிரம் அடிக்கலாம். இங்கே ஒவ்வொன்றும் புதுத் தலைவலி. பொருள் பழசு என்பதால் உழைப்பு குறையவில்லை ஐயா, கூடுகிறது!

120-இல் 35 போக 85. அதாவது மணிக்கு 57 ரூபாய் கூட முழுசாக இல்லை. அந்த அக்கா கேட்ட விலைக்குக் கொடுத்தால்? மணிக்கு மூன்று ரூபாய் சொச்சம்.

இதே நாம் நகைக்கடையில் என்ன செய்கிறோம்? பழைய வளையலைப் போட்டுப் புது வளையல் எடுக்கிறோம். 10 சதவீதம் சேதாரம் என்றால் ஒரு பவுனுக்கு 0.8 கிராம் தங்கத்தின் விலை. பட்டறைத் தூசியைக்கூடக் கூட்டி அள்ளித் தங்கம் பிரிக்கிற தொழில் அது. இருந்தும் "சேதாரம் எங்கே போச்சு?" என்று யாராவது கேட்கிறோமா? அதற்கு மேல் செய்கூலி. கொஞ்சம் குறைங்க என்று இழுப்போமே தவிர, கூலியே எதற்கு என்று கேட்பதில்லை. குளிரூட்டிய கடையில் பில் போட்டுத் தந்தால் அது செய்கூலி; மேஜைக்குப் பின்னால் ஒரு பெண் கேட்டால் அது பேராசையா?

எதிர்வாதமும் உண்டு. மொத்த விலைக்குப் புதுசு வாங்கி வந்து "பழசில் செய்தது, கையால் செய்தது" என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள். நியாயமான சந்தேகம்தான். "இது முன்னாடி என்னவாக இருந்தது?" என்று கேளுங்கள். உண்மையாகச் செய்தவர்கள் கதையோடு சொல்வார்கள். "இதை நானே வீட்டில் செய்துக்குவேன்" என்கிறீர்களா? தாராளமாகச் செய்யுங்கள். ஒரு ஜோடி முடித்துவிட்டு வந்து விலை பேசுங்கள் :-)

எனக்குக் கோபம் வாங்க வந்தவர்கள் மேல் மட்டுமில்லை. சாயங்காலம் நான்கு மணிக்கு என் தோழியே பேனாவை எடுத்து 120-ஐ அடித்துவிட்டு 60 என்று எழுதினாள். "விடுடி, பொழுதுபோக்குக்குச் செஞ்சதுதானே" என்றாள். அடக்க விலைப் பாடத்தில் பொருளுக்கு அடுத்த வரியே கூலிதான். அந்த வரியில் அவளாகவே பூஜ்யம் போட்டுக்கொண்டால், அடுத்தவர் எதற்கு மதிக்கப் போகிறார்?

அட்டையைப் பிடுங்கி மறுபடியும் 120 எழுதினேன். அதற்குப் பிறகு இரண்டு ஜோடிதான் விற்றது. பரவாயில்லை, இரண்டுக்கும் கூலி கிடைத்தது.