கடைக் கணக்கும் வீட்டுக் கணக்கும்

வரி என்ற சொல்லைக் கேட்டதும் முகம் மலரும் மனிதரை நாம் இதுவரை சந்தித்ததில்லை. நேயர்களும் சந்தித்திருக்க மாட்டார்கள். ஆனால் வரியைக் காட்டிலும் அதிகமாக மனிதரை வாட்டுவது வரியைப் பற்றிய திகில்தான். எவ்வளவு கொடுக்க வேண்டும், யாருக்குக் கொடுக்க வேண்டும், எப்போது கேட்பார்கள் என்று ஒன்றும் புரியாதபோது பத்து ரூபாய் வரிகூட மலையாகத் தோன்றுகிறது. கணக்குத் தெரிந்துவிட்டால், மலை மடுவாகாவிட்டாலும் ஏறக்கூடிய குன்றாகிவிடும்.

புதுக்கோட்டைச் சீமை இதை வெகு காலத்துக்கு முன்பே அநுபவித்து அறிந்திருக்கிறது. தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானமாக இருந்த அந்த நாட்டில் ‘அமானி’ என்றொரு முறை நடந்து வந்தது. விளைச்சலில் சர்க்காருக்கு ஒரு பங்கு, குடியானவனுக்கு ஒரு பங்கு. கேட்பதற்கு இதைவிட நியாயமான ஏற்பாடு உண்டா? ஆனால் சர்க்கார் சிப்பந்தி வந்து பார்க்கும்வரை கதிரில் கை வைக்கக் கூடாது. சிப்பந்திக்காகக் காத்திருந்தால் மழை காத்திருக்குமா? குடியானவன் தன் பங்குக்கு மேல் கொஞ்சம் ஒதுக்கப் பார்ப்பான். காவல் காப்பவனும் அளப்பவனும் தங்களுக்கென்று கொஞ்சம் ஒதுக்கப் பார்ப்பார்கள். கடைசியில் சர்க்காருக்கும் லாபமில்லை, குடிக்கும் நிம்மதியில்லை. 1878-ஆம் ஆண்டில் சமஸ்தானத்தின் பொறுப்பை ஏற்ற சேஷையா சாஸ்திரியார் அமானியை ஒழித்து, இவ்வளவு நிலத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று ரொக்கத் தீர்வை ஏற்படுத்தினார். தெரிந்த வரி, தெரியாத வரியைவிடச் சுமை குறைந்தது என்பதே அதன் தத்துவம்.

இன்று வரி ஒன்றும் இரகசியமல்ல. சட்டம் அச்சில் இருக்கிறது. விகிதம் எல்லோருக்கும் தெரியக்கூடியது. தெரியாமல் இருப்பது நம் கடையின் கணக்குத்தான்!

பெங்களூரில் நடந்தது

2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கர்நாடகத்தில் ஒரு பெரிய கலவரம் நடந்தது. கத்தி, கம்பு எதுவும் இல்லை, கடிதம்தான். அந்த ராஜ்யத்து வணிக வரி இலாகா, கைப்பேசி வழியாக யு.பி.ஐ. மூலம் வந்த வரவுகளைப் பார்த்து, ஏராளமான சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பெட்டிக்கடைக்காரர்கள், டீக்கடைக்காரர்கள், காய்கறி விற்பவர்கள், பால் விற்பவர்கள் எல்லோரும் திகைத்துப் போனார்கள். பலர் கடையில் ஒட்டியிருந்த க்யூ.ஆர். அட்டையைக் கிழித்துவிட்டு, “ரொக்கம் மட்டும்” என்று எழுதி வைத்தார்கள்.

அட்டையைக் கிழிப்பது வியாதிக்கு மருந்தல்ல. அந்தக் கணக்கில் வந்த பணமெல்லாம் விற்பனைப் பணமா? மைத்துனர் திருப்பிக் கொடுத்த கைமாற்று, சீட்டு எடுத்த பணம், வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளை அனுப்பியது, இவையும் அதே கணக்கில் வந்து விழுந்திருந்தால் யார் பிரித்துக் காட்டுவது? கடைக்காரர் வாயால் சொன்னால் போதாது; காகிதத்தில் காட்ட வேண்டும். இந்தச் சங்கடம் பெங்களூருக்கு மட்டும் உரியதல்ல. புதுக்கோட்டைக் கீழராஜ வீதியிலும் அறந்தாங்கிக் கடைத்தெருவிலும் அதே அட்டைதான் தொங்குகிறது.

எல்லை எங்கே?

2017-ஆம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி சரக்கு மற்றும் சேவை வரி அமலுக்கு வந்தது. தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்பவருக்கு வருஷ விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால் பதிவு அவசியம். சேவை செய்பவருக்கு 20 லட்சம். இது லாபமல்ல, விற்பனை என்பதை நேயர்கள் நன்றாக மனத்தில் இருத்த வேண்டும். “எனக்கு மிஞ்சுவதே இரண்டு லட்சம், எனக்கென்ன ஜி.எஸ்.டி.?” என்று கேட்கிற மளிகைக்காரரின் விற்பனை 45 லட்சமாக இருக்கக் கூடும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஆலங்குடி வட்டாரத்துப் பலாப்பழத்தையும் காய்கறியையும் மட்டும் விற்கிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அவை வரி விலக்குப் பெற்ற சரக்குகள். விற்பனை எவ்வளவு ஆனாலும் அவருக்குப் பதிவு தேவையில்லை. ஆனால் அவரே பக்கத்தில் ஓர் அலமாரி வைத்து பிஸ்கோத்தும் சோப்பும் விற்கத் தொடங்கினால் கதை மாறுகிறது. பழமும் காயும் 35 லட்சம், அலமாரிச் சரக்கு 7 லட்சம் என்றால், எல்லையைப் பார்க்கும்போது இரண்டையும் கூட்டி 42 லட்சமாகவே எண்ணுவார்கள். பதிவு செய்தே தீர வேண்டும். வரி மட்டும் அந்த 7 லட்சத்துக்குத்தான். எது எவ்வளவு விற்றது என்று பிரித்து எழுதாதவர், 42 லட்சத்துக்கும் பதில் சொல்லும் நிலைமைக்கு வந்துவிடுவார்.

பதிவு செய்த சிறு வியாபாரிக்குச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. ‘இணக்க வரி’ என்று அதைச் சொல்லுகிறார்கள். வருஷ விற்பனை ஒன்றரைக் கோடிக்கு மேற்படாத வியாபாரி, வரிக்குரிய விற்பனையில் நூற்றுக்கு 1 வீதம் கட்டிவிடலாம். உணவு விடுதிக்கு நூற்றுக்கு 5. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கட்ட வேண்டும். இந்தச் சௌகரியத்துக்கு விலையும் உண்டு. சரக்கு வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. வெளி ராஜ்யத்துக்கு விற்க முடியாது. முக்கியமாக, வாடிக்கைக்காரரிடம் வரி என்று ஒரு காசும் வாங்கக் கூடாது. சாமான் வாங்கப் போகும் குடும்பத் தலைவிகள் பில்லின் தலைப்பைப் பார்ப்பது நல்லது. இணக்க வரி செலுத்துபவர் என்று மேலே அச்சிட்டு, கீழே ஜி.எஸ்.டி. என்று தொகை கூட்டியிருந்தால், அந்தக் கூட்டலை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

தஞ்சாவூர் சாலையில் போகிறவர்களுக்கு ஆதனக்கோட்டையின் முந்திரி வாசனை தெரியும். சாலையோரத்தில் கொட்டையை வறுத்து உடைத்துப் பருப்பாக விற்பது அங்கே பல குடும்பங்களின் ஜீவனம். அங்கே ஒரு சிறு வியாபாரி, பருப்பைப் பொட்டலம் கட்டிப் பெங்களூர் வாடிக்கைக்காரருக்கு அனுப்ப ஆரம்பித்தால், 40 லட்சம் என்ற எல்லை அவருக்குப் பொருந்தாது. வெளி ராஜ்யத்துக்கு வரிக்குரிய சரக்கு விற்பவர் முதல் ரூபாயிலிருந்தே பதிவு செய்ய வேண்டும். தவிர, பதிவு பெற்ற வியாபாரி விவசாயியிடமிருந்து உடைக்காத முந்திரிக் கொட்டை வாங்கினால், வரியைக் கட்ட வேண்டியவர் விற்ற விவசாயியல்ல, வாங்கிய வியாபாரியே. இந்தத் தலைகீழ் ஏற்பாடு தெரியாமல் இருந்தால், பருப்பில் கிடைத்த லாபம் அபராதத்தில் போய்விடும்.

வருமான வரி

இந்தியாவில் வருமான வரியை முதன்முதலில் 1860-இல் விதித்தார்கள். அப்போது அந்நிய ஆட்சி. நம்மைக் கேட்டு விதித்த வரியல்ல. இப்போது விதிப்பவர்கள் நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள். ஆகையால் கணக்குக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. கணக்குக் கேட்க நமக்கும் உரிமை உண்டு.

சிறு வியாபாரி ஒவ்வொரு செலவையும் நிரூபிக்க வேண்டாமென்று ‘உத்தேச வருமான’ முறை இருக்கிறது. விற்பனை 2 கோடிக்குள் இருந்தால், ரொக்க விற்பனையில் நூற்றுக்கு 8-ம், பாங்கி வழியாகவும் கைப்பேசி வழியாகவும் வந்த விற்பனையில் நூற்றுக்கு 6-ம் லாபமென்று காட்டலாம். உதாரணமாக, வருஷ விற்பனை 30 லட்சம்; பாதி ரொக்கம், பாதி கைப்பேசி. ரொக்கத்தில் 1,20,000, மற்றதில் 90,000, ஆக 2,10,000 ரூபாய் வருமானம். 2025-26-ஆம் ஆண்டிலிருந்து புதிய வரி முறையில் 4 லட்சம் வரையில் வரியே கிடையாது. ஆகவே, வேறு வருமானமில்லாத அந்தக் கடைக்காரர் காலணாவும் கட்ட வேண்டியதில்லை. க்யூ.ஆர். அட்டையைக் கிழித்தவர் 6-ஐ விட்டு 8-க்குப் போகிறார் என்பதையும் கவனிக்கவேண்டும்.

“வரி இல்லையென்றால் எதற்கு ரிட்டர்ன்?” என்று கேட்கலாம். நாளைக்குக் கடையை விஸ்தரிக்கப் பாங்கியில் கடன் கேட்டால், அங்கே முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான். அது இல்லாதவர் கந்து வட்டிக்காரரின் வாசலுக்குப் போகிறார். வரிக்குப் பயந்து மறைந்தவர் வட்டிக்கு அகப்பட்டுக்கொள்கிறார்!

இன்னும் ஒன்று: ஒரே நாளில் ஒரே மனிதரிடமிருந்தோ, ஒரே வியாபாரத்துக்காகவோ 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் வாங்கிய தொகை முழுவதும் அபராதமாகலாம்.

செட்டிநாட்டுப் பாடம்

கணக்கு எழுதக் கற்றுக்கொள்ள நாம் சீமைக்குப் போக வேண்டியதில்லை. இராயவரமும் கோனாபட்டும் குழிபிறையும் விராச்சிலையும் இந்த ஜில்லாவில்தானே இருக்கின்றன? அவ்வூர்களிலிருந்து ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சைகோனுக்கும் சென்று லேவாதேவி நடத்திய நகரத்தார், பேரேடும் ஐந்தொகையும் கொண்டு, கடலுக்கு அப்பாலுள்ள கடையின் நிலைமையை இங்கே திண்ணையில் இருந்தபடியே தெரிந்துகொண்டார்கள். அந்தக் கணக்கின் உயிர்நாடி ஒன்றே: கடை வேறு, முதலாளி வேறு. முதலாளியே கல்லாவிலிருந்து நூறு ரூபாய் எடுத்தாலும் அது அவர் பேரில் பற்று.

இன்றைய சிறு கடைக்காரரும் இதைத்தான் செய்ய வேண்டும். கடைக்கென்று தனியாக ஒரு பாங்கிக் கணக்கு. அட்டை அந்தக் கணக்குக்கு மட்டும். வீட்டுச் செலவுக்கு மாதம் இவ்வளவு என்று எடுத்து, எடுத்ததை எழுதுவது. இரவு கடை சாத்துமுன் ரொக்க விற்பனை, கைப்பேசி விற்பனை, கொள்முதல், கடன் கொடுத்தது, கடன் வந்தது என்ற ஐந்து வரிகள். பில்களைத் தேதிவாரியாகக் கோத்து வைப்பது. பதிவு பெற்றவர்கள், வருஷாந்தர அறிக்கைக்கு உரிய கெடு தேதியிலிருந்து 72 மாதம்வரை அவற்றைக் காப்பாற்ற வேண்டும்.

சில்லறையை எழுதுவானேன் என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். புதுக்கோட்டையில் பிரகதாம்பாள் உருவம் பொறித்த அம்மன் காசு வழங்கியது. ஓர் அணாவுக்கு 20 காசு. அந்தச் செப்புக் காசையும் எண்ணிப் பார்த்து வாங்கிய ஊர் அது.

இந்த வேலையைக் கடைக்காரர் ஒருவரே சுமக்க வேண்டுமென்பதில்லை. வீட்டு அம்மாளுக்கும், பள்ளியில் வணிகவியல் படிக்கும் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் கணக்குத் தெரிந்திருக்கட்டும். கடைக்காரர் திடீரென்று படுத்துவிட்டாலோ, காலம் முடிந்துவிட்டாலோ, “எனக்கு வரவேண்டும்” என்று பத்துப் பேர் வருவார்கள். “நான் கொடுக்கவேண்டும்” என்று ஒருவரும் வரமாட்டார்கள். அந்தத் தருணத்தில் குடும்பத்துக்குச் சாட்சி சொல்வது அந்த நோட்டுப் புத்தகம் ஒன்றுதான். இன்று இரவே முதல் ஐந்து வரிகளை எழுதிவிடும்படி நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.