இறக்கத்தில் தெரியும் நோய்

போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் கடந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலை, முப்பது கிலோமீட்டருக்குக் குறைந்த தூரத்தில் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தை 17 கொண்டை ஊசி வளைவுகளால் கடப்பதாகையால், அந்த அடிவாரத்துப் பட்டறைகளில் தொழில் பழகியவர்கள் எஞ்சினின் உஷ்ணத்தைப் பற்றி எண்ணும்போதெல்லாம் அது மிஞ்சிப் போவதைப் பற்றியே எண்ணி வந்திருப்பது இயற்கை. ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களையும் உரமூட்டைகளையும் ஏற்றிச் சென்ற பழைய ஜீப்புகள் வளைவுக்கு வளைவு ரேடியேட்டர் கொதித்து நின்ற காலத்தில், கொதிப்பை அடக்குவதே வித்தையாகவும், அதை அடக்கத் தெரிந்தவனே கைதேர்ந்த மெக்கானிக்காகவும் கருதப்பட்டதில் வியப்பில்லை. ஆனால் பூப்பாறைக்கும் மூணாறுக்கும் நாள்தோறும் ஏறி இறங்கும் டீசல் கார்களைப் பீடிக்கும் நோய்களுள் இதற்கு நேர்மாறான ஒன்று உண்டு. எஞ்சின் தனக்குரிய உஷ்ணத்தை எட்டாமலே, எட்டினாலும் அதில் நிலைபெறாமலே ஓடிக்கொண்டிருப்பதுதான் அது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் செல்லும் வழியை உஷ்ணத்துக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் தேய்ந்துபோவது, அல்லது இருக்க வேண்டிய இடத்தில் அதுவே இல்லாமை, இதற்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கிறது.

இல்லாமை என்று நாம் சொல்வது மிகையன்று. வண்டி கொதிக்கிறது என்று வந்தால் முதற்காரியமாகத் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிட்டு, வெறும் கூட்டை மட்டும் பழையபடி பூட்டி அனுப்புகிற வழக்கம் நம் ஊர்ப் பட்டறைகளில் நெடுநாளாக வேரூன்றியிருக்கிறது. இதைத் தொடங்கியவர்களை நாம் குறை கூறமாட்டோம். வெறும் தண்ணீரை ஊற்றி, அழுத்தம் தாங்காத பழைய மூடியோடு மேலேறிய வண்டியில், போடிமெட்டின் உயரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் அல்ல, சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். நடுவழியில் தவிக்கும் ஓட்டுநருக்கு அந்த நேரத்தில் எந்த உபாயமும் உபாயந்தான். எனினும், அவசரத்துக்குச் செய்த காரியம் நியதியாக மாறியது பெரும் நஷ்டத்தை விளைவித்திருக்கிறது. முழுப் பாரத்தோடு மேலேறும்போது நல்ல நிலையிலுள்ள தெர்மோஸ்டாட் முற்றிலும் திறந்தே இருக்கும்; அதற்குமேல் எஞ்சினைக் குளிர்விக்கும் சக்தி ரேடியேட்டரையும் தண்ணீர்ப் பம்பையும் ஃபேனையும் பொறுத்ததேயன்றித் தெர்மோஸ்டாட்டைப் பொறுத்ததன்று. ஆகவே அதைக் கழற்றுவதாலோ, 88 டிகிரிக்குப் பதில் 82 டிகிரி வால்வைப் போடுவதாலோ ஏற்றத்தில் பெறுகிற லாபம் ஏதுமில்லை. அதுமட்டுமன்று, வால்வு திறக்கும்போதே அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை மூடிக்கொள்ளும்படி அமைந்த எஞ்சின்களில், அதைக் கழற்றிவிட்டால் சுடுநீரில் ஒரு பகுதி ரேடியேட்டரை எட்டிப் பாராமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிவர, கொதிப்பைத் தணிக்கச் செய்த காரியமே கொதிப்பை வளர்ப்பதாக முடியும்.

இந்தச் சிறு கருவியின் அமைப்பை அறிந்தவர்களுக்கு இதன்மேல் மரியாதை பிறக்காமல் இராது. ஆதியில் ஆவியாகும் திரவம் அடைத்த துருத்திகளே இவ்வேலையைச் செய்து வந்தன. அவை தண்ணீரின் அழுத்தம் மாறும்போதெல்லாம் தம் சுபாவத்தையும் மாற்றிக்கொண்டன. 1930களில் அமெரிக்காவில் செர்ஜியஸ் வெர்னே என்பவர் மெழுகைக் கொண்டு இயங்கும் வகையை உருவாக்கிய பின்னரே அந்தக் குறை நீங்கியது. ஒரு சிறு உலோகக் கிண்ணத்துக்குள் அடைபட்ட மெழுகு, குறித்த உஷ்ணத்தில் உருகி விரிந்து, ரப்பர் உறையின் ஊடாக ஒரு ஊசியைத் தள்ள, அந்தத் தள்ளலால் ஸ்பிரிங்கின் எதிர்ப்பை வென்று வால்வு திறக்கிறது; உஷ்ணம் இறங்கினால் மெழுகு சுருங்க, ஸ்பிரிங் மீண்டும் மூடுகிறது. மின்சாரமும் வேண்டாம், யார் கையும் வேண்டாம். ஆயினும் ஆயிரக்கணக்கான தடவை திறந்து மூடும் எதுவும் தேயத்தான் செய்யும். மெழுகு கசிந்து போனால் வால்வு மூடியபடியே நின்று எஞ்சின் கொதிக்கும். அது உடனே தெரிந்துவிடும். ஸ்பிரிங் தளர்ந்தாலும், வால்வு அமரும் விளிம்பு அரித்துப்போனாலும், ரப்பர் விளிம்பு கிழிந்தாலும், உப்புப் படிவோ துருவோ இடையில் சிக்கினாலும், அது முழுக்க மூடாமல் கசிந்துகொண்டே இருக்கும். இந்த இரண்டாவது வகைக் கோளாறு, வண்டியை எங்கும் நிறுத்தாமல், யாரையும் எச்சரிக்காமல், வருஷக்கணக்கில் எஞ்சினை உள்ளே அரித்துவிடுகிறது.

அதைக் காட்டிக்கொடுப்பது ஏற்றமன்று, இறக்கமே. மேலேறும்போது எரியும் டீசலின் உஷ்ணத்தில் ஏறத்தாழ கால் பங்கு தண்ணீருக்குள் போய்ச் சேர்வதால், கசிகிற வால்வையும் மீறி எஞ்சின் சூடாகவே இருக்கும். முள் நடுவில் நிற்பதைக் கண்டு ஓட்டுநரும் திருப்தியடைவார். மார்கழி மாதத்து விடியற்பொழுதில், மலைமுகட்டின் பனிமூட்டத்திலிருந்து இரண்டாவது கியரில் முந்தலை நோக்கி அதே கார் இறங்குகிறபோது நிலைமை தலைகீழாகிறது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் எடுக்கப்பட்டதும் தற்கால டீசல் எஞ்சின்களில் இன்ஜெக்டர்கள் எரிபொருளை அறவே நிறுத்திவிடுவதால், எஞ்சின் எதையும் எரிக்காமல் காற்றை மட்டும் உள்ளே வாங்கி வெளியே தள்ளுகிறது. ஆனால் தண்ணீர்ப் பம்பு முழுவேகத்தில் சுழல்கிறது, குளிர்காற்று ரேடியேட்டர்மேல் வந்து மோதுகிறது. நல்ல தெர்மோஸ்டாட் அந்த நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளிருக்கும் உஷ்ணத்தைக் காப்பாற்றும். தேய்ந்தது காப்பாற்றாது. ஸ்கேனரை மாட்டிக்கொண்டு இறங்கினால் அடிவாரம் வருவதற்குள் கூலன்டின் உஷ்ணம் 60 டிகிரிக்கும் கீழே போய்விடுவதைக் கண்ணாரக் காணலாம். (எஞ்சின் குளிர்ந்துவிடுமே என்று கியரை விலக்கி நியூட்ரலில் இறங்குவது பிராணாபத்து என்பதை இங்கே அழுத்திச் சொல்லிவிடுகிறோம், மருந்து வால்வில் இருக்கிறது, கியரில் இல்லை.)

குளிர்ந்து ஓடினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. ஏலக்காயை உலர்த்தும் அறையில் உஷ்ணம் மிஞ்சினால் காய் வெடித்து நிறம் வெளுக்கும், குறைந்தால் ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும் என்பதை அறிந்த மலைப்பிரதேசத்தாருக்கு, எஞ்சினுக்கும் ஓர் உரிய உஷ்ணம் உண்டென்பதை விளக்குவது கடினமாயிராது. இங்கிலாந்தில் 1930களில் மோட்டார் பொறியாளர் சங்கத்தின் ஆதரவில் நடந்த ஆராய்ச்சிகள், சிலிண்டர் தேய்வதற்கு உராய்வைக் காட்டிலும், சுவர் குளிர்ந்திருக்கும்போது அதன்மேல் படியும் நீரும் அமிலமுமே பெரிய காரணம் என்று நிரூபித்தன. டீசலில் கந்தகம் மிகுந்திருந்த நாட்களில் இந்த அரிப்பு மிகக் கொடியதாக இருந்தது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்தது முதல் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்கு என்ற அளவுக்குக் குறைக்கப்பட்டுவிட்டதால், அமிலத்தின் உக்கிரம் தணிந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் மற்றத் தீமைகள் அப்படியே இருக்கின்றன. சரியாக எரியாத டீசல் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு சம்புக்குள் இறங்குகிறது. போதிய சூடு இல்லாததால் எண்ணெயில் கலந்த ஈரம் ஆவியாகி வெளியேறாமல் தங்குகிறது. எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நம்பும் கணினி எரிபொருளைத் தாராளமாக அளிப்பதால் மைலேஜ் குறைகிறது. கரி பெருகி, வெளியேறும் புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பிவிடும் இ.ஜி.ஆர். வழியை அடைக்கிறது. கரி வடிகட்டி பொருத்தப்பட்ட புதிய கார்களில் விளைவு இன்னும் மோசமானது: அந்த வடிகட்டி தன்னில் சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்துகொள்ள எஞ்சின் தக்க சூட்டில் இருப்பது நிபந்தனையாகையால், தெர்மோஸ்டாட் தேய்ந்த காரில் அந்தச் சுத்திகரிப்பு தொடங்காமலே தள்ளிப்போகும், அல்லது தொடங்கிப் பாதியில் நிற்கும். வடிகட்டி அடைத்துக்கொண்டது என்று பெருந்தொகை செலவிட்டு அதை மாற்றிய பின்னும் அதே எச்சரிக்கை விளக்கு திரும்ப எரிகிறதென்றால், மூலகாரணத்தை யாரும் தேடவில்லை என்றே பொருள்.

இந்த நோய் நம்மிடையே இவ்வளவு காலம் மறைந்திருப்பதற்கு நம் சீதோஷ்ணமே ஒரு காரணம். குளிர் நாடுகளில் ஹீட்டர் சூடாகக் காற்று விடவில்லை என்று ஓட்டுநரே முதலில் முறையிடுவார். தேனி மாவட்டத்தில் ஹீட்டரைத் திருப்பிப் பார்ப்பவர் அரிது. மீட்டர் முள்ளும் உண்மையைச் சொல்வதில்லை. ஓட்டுநர் கலவரமடையாதிருக்கும் பொருட்டு, பல கார்களில் சுமார் 75 டிகிரி முதல் 100 டிகிரிக்கு மேல்வரையிலும் அது நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். டிப்ஸ்டிக்கில் எண்ணெய் குறையவே இல்லை, சற்று ஏறியும் இருக்கிறது என்று உரிமையாளர் மகிழ்ந்து சொன்னால், டீசல் கலந்திருக்கிறதா என்று முகர்ந்து பார்க்க வேண்டியது நம் கடமை.

நோயைக் கண்டறியும் முறை எளிது. இரவெல்லாம் நின்ற எஞ்சினைக் கிளப்பிவிட்டு ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுக்கொண்டிருந்தால், வால்வு எஞ்சினின் வெளிவாயிலில் அமைந்திருக்கும் வண்டிகளில், அந்த ஹோஸ் நெடுநேரம் குளிர்ந்தே இருந்து பின்பு சட்டென்று சுட வேண்டும். தொடக்கத்திலிருந்தே கொஞ்சங் கொஞ்சமாக வெதுவெதுப்பு ஏறினால் வால்வு கசிகிறது. கூலன்ட் உரிய உஷ்ணத்தை எட்டவில்லை என்று பொருள்படும் பி-0128 என்ற குறியை ஸ்கேனர் காட்டினால் சந்தேகம் மேலும் வலுக்கும். ஆயினும் அதற்குள் வால்வைக் குற்றவாளியாக்கிவிடலாகாது. உஷ்ண சென்ஸார் பொய் சொல்லக்கூடும். கூலன்ட் குறைந்து சென்ஸார் காற்றில் நிற்கக்கூடும். விஸ்கஸ் ஃபேன் இறுகிப்போய் ஓயாமல் சுழலக்கூடும். முன்னொரு எலெக்ட்ரீஷியன் மின்விசிறியை டைரக்டாக இணைத்துவிட்டுப் போயிருக்கவும் கூடும். இவற்றையெல்லாம் பார்த்த பின்னரே போல்ட்டில் ஸ்பேனரை வைக்க வேண்டும்.

பொருத்தும் வேலையில் சிரத்தை அவசியம். வால்வின்மேல் பொறித்திருக்கும் டிகிரி, தயாரிப்பாளர் விதித்த டிகிரியாகவே இருக்கவேண்டும். புதியதையும் ஒரு நூலில் கட்டி, வெப்பமானியோடு தண்ணீரில் தொங்கவிட்டுக் காய்ச்சி, எந்த உஷ்ணத்தில் திறக்கத் தொடங்குகிறது, அதற்குமேல் பத்துப் பதினைந்து டிகிரியில் முழுக்கத் திறக்கிறதா, ஆறியதும் ஒளி புகாமல் மூடுகிறதா என்று பார்த்தே பூட்ட வேண்டும். காற்று வெளியேறும் சிறு துளையும் அதிலுள்ள ஆடும் ஊசியும் மேற்பக்கமாக அமைய வேண்டும். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போது அலுமினிய விளிம்பில் கீறல் விழக்கூடாது. பெரிய எஞ்சின்களில் இரண்டு வால்வுகள் அருகருகே இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். சில ஐரோப்பிய டீசல் கார்களில் இ.ஜி.ஆர். கூலருக்கென்று தனியாக இரண்டாவது தெர்மோஸ்டாட் உண்டு, முதன்மையானதை மாற்றியும் உஷ்ணம் ஏறவில்லையென்றால் அதையும் கவனிக்க வேண்டும். ஒருமுறை கடுமையாகக் கொதித்த எஞ்சினில் இருந்த வால்வைத் திரும்பப் பயன்படுத்தலாகாது. கிணற்று நீரை ஊற்றாமல் உரிய கூலன்டை ஊற்றி, காற்றை முழுக்க வெளியேற்றி, பின்பு காரை மலையில் ஏற்றி இறக்கிப் பார்த்தாலன்றி வேலை முடிந்ததாகக் கொள்ளலாகாது.

தோழர்களுக்கு எமது வேண்டுகோள் இது: டீசல் கார் வேறு எந்த வேலைக்காகப் பட்டறைக்கு வந்தாலும், கூலன்டின் உஷ்ணத்தை ஸ்கேனரில் பார்த்து வேலைச் சீட்டில் எழுதுங்கள், தெர்மோஸ்டாட் கழற்றப்பட்ட வண்டியென்று தெரிந்தால், எதனால் கழற்றினார்கள் என்று விசாரித்து, ரேடியேட்டரிலோ பம்பிலோ மூடியிலோ ஒளிந்திருக்கும் அந்தப் பழைய குறையைத் தீர்த்து, உரிமையாளரிடம் விவரம் சொல்லி, புதிய வால்வைப் பொருத்தி அனுப்புங்கள்.