ஐஸும் ஒரு றோட்டுத்தான்

ஸ்னோமொபைல் என்றாலே எங்களில கனபேருக்கு நினைவுக்கு வாறது வீடியோக்கள்தான். மலைச்சரிவில ஒருத்தர் பனியைத் தூள்பறக்கக் கிளப்பிக்கொண்டு போவார், பின்னால பாட்டு ஓடும். கனடாவில இருக்கிற சொந்தக்காரர் வாட்ஸ்அப்பில அனுப்புற படங்களும் அந்த வகைதான். அதில பிழை ஒன்றுமில்லை. ஆனால் அதை மட்டும் பார்த்தால் பாதிக் கதை விடுபட்டுப் போகும்.

அந்த மெஷின் விளையாட்டுக்காகப் பிறந்ததில்லை. கியூபெக்கில் வல்கூர் என்ற ஊரில் கராஜ் வைத்திருந்த ஜோசப்-ஆர்மன்ட் பொம்பார்டியே, 1934 குளிர்காலத்தில் தன் இரண்டு வயது மகனைப் பறிகொடுத்தார். பிள்ளைக்குக் கடும் வயிற்று நோய். பனி மூடிய றோட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. 1937இல் அவர் காப்புரிமை பெற்ற பொறிமுறையில் ஏழு பேர் போகக்கூடிய பனி வண்டி ஓடியது. ஒருவர், இருவர் ஏறுகிற சின்ன 'ஸ்கி-டூ' 1959இல்தான் வந்தது.

குளிர் தொடங்க முன்னம் இதைத் தயார்படுத்துவது பெரிய வித்தையில்லை. கோடை முழுக்கத் தாங்கியில் கிடந்த பெற்றோல் பிசினாகி காபரேற்றரை அடைத்திருக்கும், அதைக் கழற்றித் துப்பரவாக்க வேணும். காற்று வடிகட்டிப் பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேணும் (எலிக்கு நாடு வித்தியாசம் கிடையாது). இழுவை பெல்ட் வெடித்திருந்தால் மாற்றி, இன்னொன்றைக் கையோடு கொண்டுபோக வேணும். ஸ்கிகளின் அடியில் இருக்கிற கடின உலோகக் கம்பி தேய்ந்திருந்தால், ஹாண்டிலை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேரத்தான் போகும்.

இதெல்லாம் கராஜுக்குள் ஒரு ஆள் செய்து முடிக்கிற வேலை. மிச்சம் பனியின் கையில. பெரும்பாலான வண்டிகளில் எஞ்சினைக் குளிர்விக்கிற திரவம் பின்பட்டிக்கு மேலே உள்ள தகடுகளுக்குள்ளால் ஓடும். பட்டி சுழன்று எறிகிற பனி அதில் பட்டால்தான் சூடு இறங்கும். பட்டி வழுக்கி ஓடுகிற பிளாஸ்டிக் கீலங்களுக்கும் பனிதான் எண்ணெய். வெறும் ஐஸில் கொஞ்சத் தூரம் ஓடினாலே எஞ்சின் கொதிக்கும், பிளாஸ்டிக் உருகும். ஆகவே 'நல்ல பனி' என்பது படத்துக்கு வடிவாக இருக்கிற விசயமில்லை. படகுக்குத் தண்ணி எப்படியோ அப்படி.

அந்த நல்ல பாதையும் தானாக வாறதில்லை. ஒன்ராறியோவில் கழகத் தொண்டர்கள் இரவில் இயந்திரம் விட்டுப் பாதையைச் சமப்படுத்துவார்கள். குளிரில் சில மணித்தியாலம் இறுகினால்தான் காலையில் ஓட நல்லாயிருக்கும். எந்தப் பாதை திறந்திருக்கு என்று பச்சை, மஞ்சள், சிவப்பில் இணைய வரைபடம் சொல்லும். பாதைகளில் கனக்கத் தனியார் காணிகளுக்குள்ளால் போகின்றன. சிவப்பைக் கணக்கெடுக்காமல் ஒருத்தர் பயிருக்குள் ஏறினால், காணிக்காரர் அடுத்த வருசம் எல்லாருக்கும் படலையைச் சாத்தலாம்.

ஏரியில் ஏறினால் கணக்கு இன்னும் இறுக்கம். ஸ்னோமொபைலுக்கு 25 சென்ரிமீற்றர் ஐஸ் வேணும் என்று கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் சொல்கிறது. ஒரு இடத்தில் துளைபோட்டு அளந்தது பத்து அடி தள்ளிச் செல்லுபடியாகாது. பனி கலந்த வெள்ளை ஐஸுக்குக் கண்ணாடி போன்ற ஐஸின் பாதிப் பலம்தான். மேலே புதுப்பனி விழுந்தால் அது போர்வை மாதிரி மூடி, கீழே ஐஸ் தடிக்க விடாது.

ரொறன்ரோவில் இருந்து ஓடப் போறவை சிவப்பு என்றால் வீட்டில நிக்கலாம். லப்ரடோர் கரையில் உள்ள நைன் என்ற இனுயிட் ஊரில அப்படி நிக்கேலாது. அந்த ஊருக்கு வெளியில இருந்து றோட்டே இல்லை. குளிர்காலத்தில் கடல் ஐஸ்தான் றோட்டு. விறகும் வேட்டை இறைச்சியும் ஸ்னோமொபைலின் பின்னால் கட்டிய சறுக்குவண்டியில்தான் வரும். 2009-10 குளிர்காலம் வழமைக்கு மாறாகச் சூடாகி, ஐஸ் நம்பேலாமல் போனது. முன்னோர் கோலால் குத்திப் பார்த்து அறிந்த அறிவு இருந்தும் ஆட்கள் உடைந்து விழுந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே உருவானதுதான் 'ஸ்மார்ட்ஐஸ்'. ஐஸின் தடிப்பை அளக்கிற கருவியைச் சறுக்குவண்டியில் வைத்து, பயிற்சி பெற்ற ஊர் ஆட்களே ஸ்னோமொபைலில் இழுத்துக்கொண்டு போவார்கள். பழைய அறிவை ஒதுக்காமல், அதோடு சேர்த்து அளவும் ஊருக்குப் போய்ச் சேரும்.

எங்கட கேள்வி இதுதான். இப்படி அளந்து திரியிறவரின் சம்பளம் எந்தக் கணக்கில் எழுதப்பட வேணும்? ஆராய்ச்சி, புதுமை, பரிசு என்ற தலைப்புகளில் இதைப் பாராட்டுவது லேசு. நாங்கள் கேட்கிறது றோட்டுப் பராமரிப்புக் கணக்கில், வருசா வருசம் விண்ணப்பம் போடாமல் வாற சம்பளம். ரொறன்ரோத் தெருவில் விடியப்புறம் பனி தள்ளுகிற சாரதியைப் பார்த்து, 'உன்ர திட்டம் எப்ப முடியுது?' என்று ஒருத்தரும் கேட்கிறதில்லை.