பலாலிக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம்?

பலாலியிலிருந்து சென்னை எத்தனை மைல், விமானம் எத்தனை நிமிடத்திற் போய்ச் சேரும் என்று மாணவர் ஒருவர் நம்மை வினவினார்.

முதற் கேள்விக்குத் தேசப்படமே விடை தரும். இரண்டு விமான நிலையங்களும் ஏறக்குறைய ஒரே நெட்டாங்கில் உள்ளன. பலாலி 9 பாகை 48 கலை வட அகலாங்கிலும், சென்னை 13 பாகையிலும் இருக்கின்றன. வித்தியாசம் 192 கலை. அகலாங்கில் ஒரு கலை ஒரு கடல் மைலாகும். ஆகவே தூரம் 192 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 355 கிலோமீற்றர். நம் மைற் கணக்கிற் சொன்னால் 221.

இரண்டாங் கேள்வி அத்துணை எளிதன்று. இவ்வழியிற் பறக்கும் விசிறி பூட்டிய ஏ.டி.ஆர். விமானம் மணிக்கு 500 கிலோமீற்றர் வரை செல்லும். வகுத்துப் பார்த்தால் 43 நிமிடம். ஆனால் அட்டவணையோ ஒரு மணிக்கு மேற் காட்டுகிறது. தரையில் ஓடும் நேரம், மேலேறும் நேரம், இறங்குமுன் வேகந் தணிக்கும் நேரம் யாவும் அதில் அடங்கும். கடவுச்சீட்டுச் சோதனைக்காக முன்கூட்டியே போய்க் காத்திருக்கும் நேரத்தை எவரும் அட்டவணையில் எழுதுவதில்லை!

இந்த 355 கிலோமீற்றரைக் கடக்க நம்மவர் ஆயிரம் கிலோமீற்றர் பயணஞ் செய்த காலமும் உண்டு. 1947 டிசம்பர் 10ஆந் திகதி எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிற் புறப்பட்டு, காங்கேசன்துறை வழியாகவே சென்னை சென்றது. பின்னாளில் அச்சேவை நின்றது, போர் மூண்டது. சிதம்பர தரிசனத்துக்குப் போனவரும், வேலூருக்கு வைத்தியத்துக்குப் போன நோயாளியும் இரவு முழுதும் பஸ்ஸிலே தெற்கு நோக்கிச் சென்று, கட்டுநாயக்காவில் விமானமேறி, மீண்டும் வடக்கு நோக்கிப் பறந்தார்கள். வடக்கே போகத் தெற்கே போகவேண்டியிருந்தது.

2019 நவம்பரிற் சென்னைச் சேவை தொடங்கியது. 2020 மார்ச்சிற் பெருந்தொற்றினால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டது. 2025 மார்ச் 30ஆந் திகதி திருச்சிராப்பள்ளிக்கும் வழி பிறந்தது. பலாலியிலிருந்து திருச்சி நேர்கோட்டில் ஏறத்தாழ 185 கிலோமீற்றரே, கட்டுநாயக்காவோ 290. கொழும்பிலும் திருச்சி நமக்குக் கிட்ட!

பெரிய ஜெட் விமானங்கள் வந்தால் நேரம் இன்னுங் குறையாதா என்று கேட்கலாம். இத்துணைக் குறுகிய வழியில் மிச்சமாவது சில நிமிடங்களே. அவை இறங்குவதற்கு ஓடுபாதை நீளவேண்டும். நீள நிலம் வேண்டும். சுற்றிலுமுள்ள நிலம் ஆளற்ற தரிசன்று. பலாலி, மயிலிட்டி முதலிய ஊர்களிலிருந்து 1990இல் இடம்பெயர்ந்த குடும்பங்களின் வீடும் கிணறும் செம்மண் தோட்டமும் இருந்த நிலம் அது. போர் முடிந்தபின் அதிற் சில பகுதிகள் விடுவிக்கப்பட்டன. மற்றப் பகுதிகளுக்கு உரியவர்கள் உறுதிகளைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டு, அடைத்த வேலிக்கு இப்புறம் காத்திருக்கிறார்கள்.