படகு வரும்வரை என்ன செய்வீர்கள்?

உங்கள் வீட்டுப் பிறப்புப் பத்திரங்கள் எங்கே இருக்கின்றன? அலமாரியின் அடித்தட்டிலா, கட்டிலுக்குக் கீழா? நள்ளிரவில் தண்ணீர் வாசலைத் தாண்டினால் அவற்றை யார் எடுப்பது? நடக்க முடியாத பாட்டியை யார் தூக்குவது? பதில் தெரியாதவர்கள் தொடர்ந்து படியுங்கள்.

2021 டிசம்பர் 18ஐ மறந்திருக்க மாட்டீர்கள். நம் குடும்பங்கள் நிறைய வாழும் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது. மேல்மாடியிலும் கூரையிலும் பசியோடு ஒரு நாளுக்கு மேல் காத்திருந்தவர்கள் பலர். பலரைக் கரை சேர்த்தவை பொதுமக்கள் கொண்டு வந்த படகுகள். நாடு முழுவதும் 50 பேருக்கு மேல் மாண்டனர். அந்தப் பருவ வெள்ளங்களின் இழப்பைப் புள்ளிவிவரத் துறை 6.1 பில்லியன் ரிங்கிட் என்று கணக்கிட்டது.

மேலிடம் சொன்ன விளக்கம் என்ன? நூறு ஆண்டுக்கு ஒரு முறை பெய்யும் மழையாம்! பேரிடரைக் கவனிப்பதற்கென்றே 2015இல் நட்மா அமைக்கப்பட்டது. ஆறு ஆண்டுகள் கழித்தும் ஏன் இந்தத் தடுமாற்றம்? அன்றைய பிரதமர் இஸ்மாயில் சப்ரியே பலவீனங்கள் இருந்ததை மறுக்கவில்லை.

"வரி கட்டுகிறோம். காப்பாற்றுவது அரசாங்கத்தின் வேலை. நாங்கள் ஏன் திட்டம் போட வேண்டும்?" என்று சிலர் கேட்கிறார்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால் ஆற்று நீர் நம் நியாயத்தைக் கேட்டு நிற்காது. கேள்வி கேட்கவும் முதலில் உயிரோடு இருக்க வேண்டும்!

நமக்கு இன்னொரு பெரிய காரணமும் உண்டு. தோட்டப்புறங்களில் பிறப்பைப் பதியாததால் ஆவணமில்லாமல் போனவர்கள் நம்மில் எத்தனை பேர்? 2011இல் இதற்காக மைடஃப்தார் என்று தனி இயக்கமே நடத்த வேண்டியிருந்தது. சிவப்பு அடையாள அட்டையோடு வயதானவர்களை நாம் அறிவோம். இப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரு பழைய பத்திரம் தண்ணீரில் போனால், போவது வெறும் காகிதமா? பிள்ளையின் பள்ளிக்கூடமும் குடியுரிமை மனுவும் சேர்ந்தல்லவா போகிறது!

ஆகவே இந்த வாரமே குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள்:

1. மைகார்டு நகல், பிறப்பு, திருமணப் பத்திரங்கள், வீட்டுப் பத்திரம், குடியுரிமை மனுவின் ரசீது அனைத்தையும் தண்ணீர் புகாத ஒரே பையில் போட்டு உயரத்தில் வையுங்கள். படமெடுத்து வேறு ஊரிலுள்ள நம்பிக்கையான உறவினருக்கு அனுப்புங்கள்.

2. யார் யாரைத் தூக்குவது, யார் பையை எடுப்பது, எங்கே சந்திப்பது என்று இப்போதே முடிவு செய்யுங்கள்.

3. மூன்று நாள் மருந்து, குடிநீர், பால்மாவு, டார்ச் விளக்கு, பவர் பேங்க் தயாராக இருக்கட்டும்.

4. வானிலை எச்சரிக்கையையும் ஆற்று நீர்மட்டத்தையும் கைப்பேசியில் பார்க்கலாம். மலாய் படிக்கத் தெரிந்த பிள்ளை பாட்டிக்கு எடுத்துச் சொல்லட்டும்.

5. தண்ணீர் நுழையுமுன் மெயின் சுவிட்சையும் சமையல் எரிவாயுவையும் அடையுங்கள். காரை மேட்டில் நிறுத்துங்கள். ஆபத்தென்றால் 999.

6. துயர் துடைப்பு மையத்தில் பெயரைப் பதியுங்கள். சேதத்தைப் படமெடுங்கள், போலீஸ் புகார் செய்யுங்கள். 2021இல் குடும்பத் தலைவருக்கு 1,000 ரிங்கிட் உதவி அறிவிக்கப்பட்டது. கணக்கில் பெயர் இல்லாதவர் எதைக் காட்டிக் கேட்பார்?

ஆலய நிர்வாகங்களே, இயக்கத் தலைவர்களே! திருவிழாவுக்குத் தொண்டர் பட்டியல் போடத் தெரிந்த நமக்கு, தாமானில் எந்த வீட்டில் நோயாளி இருக்கிறார், யாரிடம் படகோ லாரியோ இருக்கிறது என்று பட்டியல் போடத் தெரியாதா?

அரசாங்கத்திடமும் கேட்போம். தாழ்நிலத் தாமான்களில் வேலை செய்யும் நீர் இறைப்பான்கள் வேண்டும். தமிழிலும் எச்சரிக்கை வேண்டும். தயாராக இருந்த மக்கள் கேட்கும்போது "நீங்கள் ஏன் முன்னேற்பாடு செய்யவில்லை?" என்று யாரும் வாயை அடைக்க முடியாது.

வடகிழக்குப் பருவமழை தீபாவளியை ஒட்டித்தான் வருகிறது. பண்டிகைக்கு வீட்டைச் சுத்தம் செய்யும் நாளிலேயே அந்தப் பையையும் சரிபாருங்கள். வெள்ளம் வருமுன் அணை போடுங்கள்!