படைப்பு வந்தது, படைத்தவர் எங்கே?

சென்ற ஆண்டு, நான் கற்பிக்கும் பாடசாலையின் பரிசளிப்பு விழா அழைப்பிதழை அச்சிடும் பொறுப்பு என்னிடமும் வேறு இரு ஆசிரியர்களிடமும் ஒப்படைக்கப்பட்டது. அட்டைக்கு ஒரு சித்திரம் வேண்டியிருந்தது. கைத்தொலைபேசியில் தேடினோம். பனங்கூடலின் ஊடே துவிச்சக்கர வண்டியை உருட்டிச் செல்லும் ஒரு முதியவரின் சித்திரம் அகப்பட்டது. அழகாயிருந்தது, எடுத்தோம், அச்சிட்டோம். விழாவன்று எங்கள் பழைய மாணவி ஒருத்தி அந்த அழைப்பிதழுடன் என் முன்னே வந்து நின்றாள். "சேர், இது நான் கீறினது. என்ரை பெயரை எங்கை விட்டனீங்கள்?" என்று கேட்டாள். சித்திரத்தின் கீழ் மூலையிலே சிறிய எழுத்தில் அவள் பெயர் இருந்திருக்கின்றது. அட்டையின் அளவுக்குப் படத்தை வெட்டியபோது அப்பெயரையும் சேர்த்து வெட்டியவன் நான்.

இதனை ஓர் ஆசிரியனின் கவலையீனம் என்று கூறி, மன்னிப்புக் கேட்டு முடித்துவிடலாம். ஆனால் அன்று என் கையிலிருந்த கத்தரிக்கோல் இன்று உலகமெங்கும் இயங்கிக்கொண்டிருக்கின்றது என்பதே நாம் சிந்திக்கவேண்டிய விடயமாகும்.

"இனிக் கலைஞரைத் தேடவேண்டிய அவசியமில்லை; இணையம் கலையைச் சனநாயகப்படுத்திவிட்டது; திறமையுள்ளவன் தானே வெளிப்படுவான்" என்று கூறுவோர் நம்மிடையே உளர். படித்தவர்களும், ஏன், முற்போக்காளர் எனத் தம்மைக் கூறிக்கொள்வோருங்கூட இக்கூட்டத்தில் உள்ளனர். இவர்கள் கூற்றில் ஒரு பாதி உண்மை உண்டு. முன்னர் பாட விரும்பியவன் வானொலி நிலையத்தின் வாயிலிலோ சினிமாக் கம்பனியின் வாயிலிலோ காத்துநிற்க வேண்டியிருந்தது. இன்று மலையகத்து லயன் அறையிலிருந்து ஓர் இளைஞன் தன் பாட்டை உலகின் முன் வைக்கலாம். இது மறுக்கவொண்ணாத முன்னேற்றம். எனினும், பழைய வாயில் திறந்துவிட்டது என்று மகிழ்வோர், புதிய வாயிற்காவலனின் முகத்தை ஒருமுறை உற்றுநோக்குதல் வேண்டும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 2021 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் 'என்ஜாய் என்ஜாமி' என்னும் பாடல் வெளியாயிற்று. எந்தத் திரைப்படத்தையும் சாராத பாடல் அது. பாடலை எழுதி, தீயுடன் இணைந்து பாடியவர் அறிவு. இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணனுடையது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையக மக்களை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்ததை நாம் வகுப்பறைகளிற் கற்பிக்கின்றோம். அவ்வாறு நிலமின்றி, நாடின்றி அலைக்கழிக்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்தின் நினைவு அப்பாடலில் உண்டு. யூடியூபில் அது பத்துக் கோடித் தடவைகளுக்கு மேல் பார்க்கப்பட்டது.

பின்னர் நிகழ்ந்தது யாது? அதே ஆண்டு ஓகஸ்ட்டில், றோலிங் ஸ்டோன் சஞ்சிகையின் இந்தியப் பதிப்பு, தீயையும் கனடாவில் வாழும் ஈழத்துக் கலைஞர் ஷான் வின்சன்ட் டி போலையும் அட்டையில் வெளியிட்டது. எழுதிப் பாடிய அறிவு அட்டையில் இல்லை. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித் பகிரங்கமாகக் கண்டித்தார். அதன் பின்னரே அறிவுக்கென ஒரு தனி அட்டை இணையத்தில் வெளியிடப்பட்டது. தீயையோ ஷானையோ நாம் இங்கு குறைகூறவில்லை. அவர்களும் உழைத்த கலைஞர்களே. நிலமற்றவரின் கதையைச் சொன்ன பாட்டு உலகைச் சுற்றிவந்தபோது, அக்கதைக்கு உரியவன் வாசலுக்கு வெளியே நின்றான் என்பதையே சுட்டுகின்றோம். 2024 மார்ச்சில், அப்பாடலால் தமக்கோ மற்ற இருவருக்கோ அதுவரை பணம் எதுவும் கிடைக்கவில்லை எனச் சந்தோஷ் நாராயணன் பகிரங்கமாகக் கூறினார். அக்கணக்கு வழக்கை ஆராய்வது இக்கட்டுரையின் பணியன்று. கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டுக்கே இத்தகைய கேள்வி எழுமாயின், ஆயிரம் பேர் கேட்ட பாட்டின் கதி என்ன?

அதற்கும் விடை உண்டு. ஸ்பொட்டிபை என்னும் இசைத் தளம் 2024 முதல் ஒரு விதியை நடைமுறைப்படுத்தி வருகின்றது. பன்னிரண்டு மாதங்களில் 1000 தடவைகளேனும் கேட்கப்படாத பாடலுக்கு, அதன் ஒலிப்பதிவுக்கான உரிமைப்பணம் இல்லை என்பதே அது. அதே தளத்தில் 2020 இல் அறிவிக்கப்பட்ட வேறொரு திட்டம் உண்டு. அதன் பெயரே 'கண்டுபிடிப்பு முறை' என்பதாகும். கலைஞன் தன் பாடலைப் பொறியின் பரிந்துரையில் முன்தள்ள விரும்பினால், அவ்வழியாகக் கிடைக்கும் ஒலிப்பதிவு வருமானத்தில் நூற்றுக்கு 30 பங்கை விட்டுக்கொடுத்தல் வேண்டும். கேட்பவனோ, "இப்பாட்டை நான் கண்டுபிடித்தேன்" என்று எண்ணி மகிழ்கின்றான்!

'சுயாதீனக் கலைஞர்' என்னும் சொல்லை நாம் தாராளமாக வழங்குகின்றோம். எதனிடமிருந்து சுயாதீனம் என்று கேட்பதில்லை. சிறு தேயிலைத் தோட்டக்காரனைப் பாருங்கள். நிலம் அவனுடையது, செடி அவனுடையது, கொழுந்து பறிக்கும் கையும் அவன் வீட்டாருடையது. ஆனால் தராசு அவனுடையதன்று. ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பது, கிலோவுக்கு எவ்வளவு கொடுப்பது என்பனவற்றை வேறொருவர் தீர்மானிக்கின்றனர். இன்றைய சுயாதீனக் கலைஞனின் சுயாதீனமும் இத்தகையதே.

ஓவியரும் சித்திரக்காரரும் புகைப்படக் கலைஞரும் இதனினும் இழிந்த நிலையிலுள்ளனர். 2022 இல் தொகுக்கப்பட்ட லயன்-5பி என்னும் தரவுத் தொகுதி, இணையத்திலுள்ள ஏறத்தாழ 585 கோடிப் படங்களை அவற்றின் விவரணங்களுடன் பட்டியலிட்டது. படம் வரையும் பொறிகள் இத்தகைய தொகுதிகளைக் கொண்டே பயிற்றப்பட்டன. படைத்தவரின் இசைவு கேட்கப்படவில்லை. 2023 ஜனவரியில் சாரா அண்டர்சன், கெல்லி மக்கேர்னன், கார்லா ஓர்டிஸ் ஆகிய மூன்று சித்திரக் கலைஞர்கள் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தனர். பனங்கூடலின் ஓரத்தில் இருந்து கீறும் ஒரு பெண் எந்த நீதிமன்றத்துக்குச் செல்வாள்?

இவ்விடத்தில் வேறொரு சாரார் குறுக்கிடுவர். "கலை மக்களுடையது. நாட்டார் பாடலுக்குப் பெயருண்டா? தனிமனிதனின் பெயரைத் தூக்கிப்பிடிப்பது பூர்ஷ்வாத் தனமல்லவா?" என்பர். கேட்பதற்கு இனிய வாதம். ஆயினும் பொய்யான வாதம். தாலாட்டும் ஒப்பாரியும் பெயரின்றி வழங்கிய காலத்தில், பாடியவளை ஊரார் அறிந்திருந்தனர். அவளுக்கு நோய் வந்தால் கஞ்சி கொண்டு போவாரும் இருந்தனர். இன்று பெயரழியும்போது அப்படைப்பு ஊருக்குச் சொந்தமாவதில்லை; கம்பனியின் கணக்கிற் சேர்கின்றது. அன்றியும், எவருடைய பெயர்கள் அழிகின்றன என்று பாருங்கள். முதலாளியின் பெயர் அழிவதில்லை. நட்சத்திரத்தின் பெயர் அழிவதில்லை. வறியவரின் பெயர், பெண்களின் பெயர், ஒடுக்கப்பட்ட சாதியினரின் பெயர் என்பனவே முதலில் வெட்டுண்கின்றன.

அவ்வாறாயின் கலைஞரைக் கண்டெடுக்கும் பணி யாருடையது? அது மனிதருடையது. நம் நாட்டின் வரலாறே இதற்குச் சான்று. 1943 இல் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் தமது கொழும்பு இல்லத்தில் ஓவியர்களைக் கூட்டினார். அவ்வாறு பிறந்த '43 குழு', ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ் முதலியோருடன், விகாரைச் சுவரோவியங்களைப் பிரதிசெய்துவந்த மஞ்சுஸ்ரீயையும் தன்னுட் சேர்த்துக்கொண்டது. அது பெரும்பாலும் ஆங்கிலங் கற்ற கொழும்பு மேற்றட்டினரின் வட்டம் என்பது உண்மையே. ஆனால் அதற்கும் முன்னரே, 1938 இல், யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை வின்சர் சித்திரக் கழகத்தை அமைத்திருந்தார். சித்திர ஆசிரியராக வாழ்ந்து இளையோரை உருவாக்கிய ஓவியர் மாற்குவைப் பற்றி, 1987 இல், போரின் நடுவே, 'தேடலும் படைப்புலகமும்' என்னும் சிறப்பு மலர் வெளியிடப்பட்டது. 1966 இல் டொமினிக் ஜீவா தொடங்கிய 'மல்லிகை', நம் எழுத்தாளரதும் கலைஞரதும் படங்களைத் தன் அட்டையிலே தாங்கிவந்தது. இவற்றுள் எதையும் பொறி பரிந்துரைக்கவில்லை. வாடகையும் அச்சுக்கூலியும் கொடுக்கத் திண்டாடிய மனிதர்கள், நடந்து திரிந்து, கேட்டறிந்து, கண்டெடுத்தனர்.

ஆசிரியரும் மாணவருமாகிய நமக்கு இன்று அவ்வளவு நடக்கவேண்டியதில்லை. ஒரு படத்தை எடுக்குமுன் அது யாருடையது என்று கேட்டல் வேண்டும். விடை கிடைக்காவிடின் அதனை அச்சிடாதிருத்தல் வேண்டும். பாடசாலை மலருக்கு அச்சுக்கூலி கொடுக்கும் நாம், சித்திரத்துக்குக் கூலி கொடுத்தல் வேண்டும். தமிழ்த்தின விழாவிலே சினிமாப் பாட்டுக்கு ஆடவைக்கும் நாம், ஊரில் சொந்தமாகப் பாட்டெழுதிப் பாடும் ஓர் இளைஞனை மேடையேற்றல் வேண்டும். நூல்நிலையச் சுவரொன்றை மாதந்தோறும் ஓர் ஓவியருக்கோ புகைப்படக் கலைஞருக்கோ ஒதுக்கல் வேண்டும். இவற்றுக்குக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை தேவையில்லை. "நேரமில்லை" என்போர், நாளொன்றுக்கு எத்தனை நாழிகை கைத்தொலைபேசியின் திரையைத் தடவுகின்றனர் என்பதைத் தாமே கணக்கிட்டுக்கொள்க.

என் மாணவியிடம் மன்னிப்புக் கேட்டேன். நாங்கள் மூவரும் சேர்ந்து சித்திரத்துக்குரிய பணத்தைக் கொடுத்தோம். காலைக் கூட்டத்திலே அவள் பெயரைச் சொன்னோம். பின்னர் அவளிடம், "உன்னைப்போல இன்னும் ஆர் ஆர் கீறுகினம்?" என்று கேட்டேன். சற்றும் யோசியாமல் ஐந்து பெயர்களைச் சொன்னாள். அவர்கள் சித்திரம் கீறுவர் என்பதை நான் அறிந்திருக்கவில்லை. அவர்களுள் இருவர் என்னிடம் தமிழ் படித்தவர்கள்.

எத்தனையோ ஆண்டுகள் கைத்தொலைபேசியைப் பார்த்தும் நான் காணாத ஐவரை ஒரு கேள்வி காட்டிற்று. அக்கேள்வியை நாம் ஒவ்வொருவரும் நம் ஊரிலே கேட்போமாக.